கோடையில் சிவந்தால் போதுமா?
'கோடையிலேயே சிவப்பாக இருக்கும் ஜப்பானிய மேப்பிள் மரந்தான் இலையுதிர்காலத்திலும் நன்றாகச் சிவக்கும்' என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. இலையுதிர்கால நிறத்துக்கே பேர்போன ஒசகாசுகி என்ற மேப்பிள் ரகம் கோடை முழுக்கச் சாதாரணப் பச்சைதான். பச்சையம் சிதையும் நேரத்தில், இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி புதிதாக உருவாகிறது. அதனால்தான் அக்டோபர், நவம்பரில் தீப்பிடித்தாற்போல் சிவக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் இன்னும் ஜோர். கோடையிலேயே கருஞ்சிவப்பாக இருக்கும் பிளட்குட் ரகமும் மோசமில்லை, ஆனால் கருஞ்சிவப்பு சிவப்பாவதில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. சாங்கோ-காகு ரகம் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகும், குளிர்காலத்தில் அதன் பவளநிறக் கிளைகள் தனி அழகு. அப்புறம், விதையில் முளைத்த கன்று தாயைப் போலவே வராது. ஒட்டுக்கன்றாக, முடிந்தால் இலை நிறம் மாறும் சமயத்தில் நர்சரிக்குப் போய்க் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.