உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரும் வரை

எங்கள் சித்தி விடிவதற்கு முன்பே மல்லி பறிக்கப் போய்விடுவார். போன சித்திரையில் ஒருநாள் நாலரை மணி வாக்கில் மடியிலிருந்த மொட்டெல்லாம் சிதறிவிட்டது. வலது கை தொங்கிவிட்டது, வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. கூடப் பறித்தவர்கள் மயக்கம் என்று நினைத்து சோடா கொடுத்தார்கள். (வாய் கோணியவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.) யாரோ புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்றார்கள், தேய்த்தார்கள். பக்கத்து ஊர் கிளினிக்கில் பிரஷர் என்று ஓர் ஊசி. மதுரைக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டி அடைத்ததால் வந்த பக்கவாதம் அது. "எப்ப தம்பி வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். சித்தி மகன் சொன்னான். "ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்பா" என்றார். குழாய் விட்டுக் கட்டியை எடுப்பதற்கும் வழியில்லை, அடைத்திருந்தது சிறிய ரத்தக்குழாய்.

அன்றிலிருந்து நான் தேடித் தேடிப் படிப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான். அந்த ஐந்தரை மணி நேரம் சித்தியின் மூளைக்குள் என்ன நடந்தது, அதை யாராலும் நிறுத்த முடியாதா?

ரத்தக்குழாய் அடைத்ததும் அது ஊட்டிய பகுதி முழுவதும் உடனே செத்துவிடுவதில்லை. நடுப்பகுதி சீக்கிரம் போய்விடும். சுற்றியுள்ள பகுதி செயலிழந்து, ஆனால் உயிரோடு, சில மணி நேரம் காத்திருக்கும். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். பட்டினி மட்டும் அவற்றைக் கொல்வதில்லை. சக்தி தீர்ந்த அணுக்கள் தம்மிடமுள்ள குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியே கொட்டிவிடுகின்றன. அது பக்கத்து அணுவின் மேலுள்ள என்எம்டிஏ ஏற்பியில் போய் ஒட்டுகிறது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைக் கண்மாய் மடையை வைத்துச் சொன்னால் புரியும். அந்த ஏற்பி ஒரு மடை. சாதாரண நேரத்தில் மக்னீசியம் அதில் அடைப்பாக உட்கார்ந்திருக்கும், தேவைப்படும்போது மட்டும் விலகும். பக்கவாதத்தில் அந்த அடைப்பு கழன்று போய், கால்சியம் வெள்ளமாக உள்ளே பாய்கிறது. அணுவுக்குள் இருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு அதன் சொந்தச் சுவரையே அரிக்கின்றன. மிகையாகத் தூண்டியே நரம்பணுவைக் கொல்ல முடியும் என்பதை ஜான் ஓல்னி 1969லேயே எழுதிவிட்டார்.

அப்படியானால் மடையை அடைத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எலிகளிடம் அருமையாக வேலை செய்தது. 1990களில் செல்ஃபோடெல் என்ற மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்தபோது மாயக்காட்சிகளும் குழப்பமும் வந்தன, பயனும் இல்லை, சோதனையை நிறுத்திவிட்டார்கள். நினைவும் சிந்தனையும் ஓடுவது அதே மடை வழியாகத்தான். ஒரேயடியாக அடைத்தால் பயிர் காய்ந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் நேரம். எலிக்கு மருந்து சில நிமிடத்தில் போகிறது, மனிதருக்குப் பல மணி நேரம் கழித்து. வயல் மூழ்கிய பிறகு மடையை அடைத்து என்ன செய்ய?

இதைப் புரிந்துகொண்டு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் செய்த சோதனைதான் என்னை மிகவும் பாதித்தது. ஆம்புலன்ஸிலேயே, ஸ்கேன் எடுக்கும் முன்பே, 1,700 பேரிடம் சோதித்தார்கள். பாதிப்பேருக்கு மக்னீசியம், மீதிப்பேருக்கு வெறும் உப்புநீர். நோய் கண்டதிலிருந்து ஊசி வரை சராசரியாக முக்கால் மணி நேரம்தான். 2015இல் முடிவு வந்தது: பயனில்லை. மக்னீசியம் மூளைக்குள் மெதுவாகத்தான் நுழையும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அடுத்து கனடாவில் நெரினெடைட் என்ற மருந்து வந்தது. இது மடையைத் தொடுவதில்லை. மடையிலிருந்து நொதிக்குப் போகும் கயிற்றை மட்டும் அறுக்கிறது. எனக்குப் பிடித்த யோசனை இது. 2020இல் வெளியான 1,105 பேர் சோதனையில் மொத்தமாகப் பயன் தெரியவில்லை, கட்டி கரைக்கும் ஊசி போடாதவர்களிடம் மட்டும் நம்பிக்கை தெரிந்தது. அப்படிப்பட்டவர்களை மட்டும் வைத்து மறுபடி பார்த்தார்கள், அதிலும் கைகூடவில்லை.

இத்தனை தோல்விக்குப் பிறகு இந்த வழியையே விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமே இல்லை. கட்டி கரைக்கும் ஊசியை ஸ்கேன் இல்லாமல் போட முடியாது. அடைப்புக்குப் பதில் ரத்தக்கசிவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். ஆனால் நரம்பணுவைக் காக்கும் மருந்து ரத்தத்தை இளக்காததாக இருந்தால், ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் 108 வண்டியிலேயே போடலாம். நாலு தெரு தள்ளி ஸ்கேன் இருக்கிற ஊருக்கு அது கூடுதல் வசதி. உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் அதுதான் கையும் பேச்சும். அந்த மருந்து நோயைத் தீர்க்க வேண்டாம். நாற்பது கிலோமீட்டர் வரும் வரை அந்த அணுக்களைச் சாகாமல் பிடித்து வைத்திருந்தால் போதும். முன்பு அடைப்பைத் திறக்கவே வழி குறைவு, அணுவைக் காத்தாலும் ரத்தம் திரும்ப வராது. 2015க்குப் பிறகு பெரிய ரத்தக்குழாய் அடைப்பைக் குழாய் விட்டு எடுப்பது நிலைபெற்றுவிட்டது. அதனால் நேரத்தை வாங்கித் தரும் மருந்துக்கு இப்போதுதான் உண்மையான வேலை இருக்கிறது.

இந்தச் சோதனைகள் பெரும்பாலும் நல்ல சாலையும் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் உள்ள ஊர்களில் நடக்கின்றன. எங்கள் தூரத்திலும் எங்கள் வண்டியிலும் நடக்க வேண்டும். இதை வாசிக்கும் நரம்பியல் டாக்டர்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

சித்தி இப்போது இடது கையால் பூக்கட்டப் பழகுகிறார். நாரின் ஒரு முனையைக் கால் விரலில் மாட்டிக்கொள்கிறார். ஒரு முழம் கட்ட அரைமணி நேரம் ஆகிறது. "பூ" என்ற சொல் நேற்றுதான் தெளிவாக வந்தது.