கிரேக்கமும் இசையும் ஒரே பட்டத்தில்: எங்கே ஒட்டும், எங்கே இடிக்கும்

கிரேக்க, லத்தீன் இலக்கியத்தையும் இசையையும் சேர்த்துப் பட்டம் படிக்கிறவர்களில் பலர், இரண்டு அரைப் பட்டங்களோடுதான் வெளியே வருகிறார்கள் என்பது என் கருத்து. காலையில் வினைத்திரிபு, மாலையில் பியானோ. ஒன்று மற்றொன்றை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இரண்டும் சேரும் இடத்துக்கு ஓர் உதாரணம், செய்கிலோஸ் கல்லறைப் பாட்டு. 1883-இல் துருக்கியின் அய்தின் பக்கம் கிடைத்த பளிங்குத் தூணில் வெட்டிய பழைய கிரேக்கப் பாட்டு. தூண் இப்போது கோபன்ஹேகனில் இருக்கிறது. சொற்களுக்கு மேலே ஸ்வர எழுத்துகள். அவற்றின் மேல் படுக்கைக் கோடு இருந்தால் இரண்டு மாத்திரை, கோட்டின் நுனி மடங்கியிருந்தால் மூன்று. எந்த எழுத்து எந்த ஸ்வரம் என்று பட்டியலிடும் அலிப்பியோஸின் பழைய அட்டவணை கையில் இருந்தால் ஸ்வரங்களை வாசித்துவிடலாம். முதல் சொல் ‘ஹொஸொன்’. பழைய கிரேக்கத்தில் அழுத்தம் என்பது குரலின் உயர்வு. இந்தச் சொல்லில் அது ‘ஹொ’வில் விழும். மெட்டோ ‘ஹொ’வைக் கீழே வைத்துவிட்டு, ‘ஸொன்’னுக்கு ஸ-விலிருந்து ப-வுக்குத் தாவுகிறது! மற்ற இடங்களில் பெரும்பாலும் அழுத்தத்தை மதிக்கும் பாட்டு இது. இசை மட்டும் தெரிந்தவர் ‘நல்ல தாவல்’ என்று போய்விடுவார். மொழி மட்டும் தெரிந்தவருக்குத் தாவலே கண்ணில் படாது.

முதல் ஆண்டில் மொழிக்கே முன்னுரிமை கொடுங்கள். தினமும் நாற்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்வது உதவாது. வாத்தியமும் அப்படித்தான் என்பதால் நேரம் இடிக்கும், வேறு வழியில்லை. ஹோமரின் வரிகளைத் தாளம் தட்டி வாசியுங்கள்: நெடிய அசைக்கு 2, குறிய அசைக்கு 1. அழுத்தம் உள்ள இடத்தில் ஓங்கி அடித்து வாசித்தால் சந்தம் செத்துவிடும். குறில், நெடில் கேட்டுப் பழகிய காதுக்கு இது சுலபம்.

பெயர்களில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். கிரேக்கர்களின் ‘டோரியன்’ என்ற ஸ்வர வரிசை, மேற்கத்திய முறையில் சொன்னால் மி-யிலிருந்து மி வரை, கிட்டத்தட்ட நம் தோடி. இடைக்காலத் தேவாலய ‘டோரியன்’ ரே-யிலிருந்து ரே வரை, கரகரப்பிரியா. இடைக்காலத்தார் பழைய பெயர்களை மாற்றிப் பொருத்தியதன் விளைவு இது. ‘டோனோஸ்’ என்ற கிரேக்க இசைச் சொல் இன்னும் மோசம். பழைய கிரேக்க இசை நூலாசிரியர் கிளியோனிடெஸ் அதற்கு நான்கு பொருள் சொல்கிறார். ஸ்வர அமைப்பைக் குறிக்கும் ‘ஹார்மோனியா’வை, பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் இன்றைய ‘கார்டு’ (chord) என்று நினைத்துக்கொண்டு பிளேட்டோவைப் படித்தால் ஒன்றும் விளங்காது.

உங்கள் ஆர்வம் இடைக்கால இசையில் என்றால் லத்தீனே போதும்.

ஆய்வேட்டுக்குப் பலரும் எடுப்பது ‘ஓபராவில் கிரேக்கத் தொன்மம்’. ஒரு வரி கிரேக்கம் தெரியாமலே மொழிபெயர்ப்பை வைத்து அதை எழுதிவிடலாம். அதனாலேயே வேண்டாம் என்கிறேன். டெல்ஃபியில் ஏதெனியர் கருவூலச் சுவரில் வெட்டிய பாடல்களை எடுங்கள். அசை இரண்டு ஸ்வரங்களில் நீளும்போது உயிரெழுத்தை இரண்டு முறை வெட்டியிருக்கிறார்கள், நம் அளபெடை மாதிரியே. அந்த இடங்களை எண்ணி, அழுத்தக் குறிகளோடு ஒப்பிட்டாலே ஓர் அத்தியாயம் தேறும்.