முப்பத்தெட்டு விநாடி

என் வகுப்பை ஜன்னல் வழியாக ஒருத்தர் படம் பிடித்துப் போட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். ஊர் வாட்ஸ்அப் குழுக்களையெல்லாம் சுற்றிவிட்டு, நேற்று என் சொந்த அண்ணனே "இது நீதானே?" என்று அனுப்பிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான்தான். நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கதைப் புத்தகத்தோடு. "சம்பளம் வாங்கிக்கிட்டு டீச்சர் கதைப் புத்தகம் படிக்காங்க" என்று மேலே எழுதியிருந்தவருக்கு ஒரு திருத்தம். படிக்கவில்லை, வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 27 பேருக்கு. அது பாடம்தான்.

38-வது விநாடியில் படம் நின்றுவிடுகிறது. அப்புறம் நடந்ததை நான் சொல்கிறேன். "அவன் வாசலில் தயங்கி நின்றான்" என்று வாசித்தேன். "தயங்கின்னா என்ன டீச்சர்?" என்றான் ஒருத்தன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பிள்ளை எழுந்து போய், ஒரு காலை வகுப்புக்குள்ளும் இன்னொரு காலை நிலைப்படிக்கு வெளியிலும் வைத்துக்கொண்டு, உள்ளே பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக நின்றாள். வகுப்பே சிரித்தது. அந்தச் சொல்லுக்கு நான் இனி நோட்டில் அர்த்தம் எழுதிப்போட வேண்டியதில்லை. இதுவும் பாடம்தான். படம் பிடித்தவருக்கு அதற்குள் கை வலித்துவிட்டது போல.

எங்கள் பக்கத்துப் பிள்ளை வீட்டில் "அங்கன நிக்கான்" என்று பேசும். புத்தகம் "அங்கே நின்றுகொண்டிருக்கிறான்" என்கிறது. பேசுகிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் இன்னொன்று. இந்த இரண்டாவது தமிழை அது எங்கே காதால் கேட்கும்? டிவி செய்தியிலா? அதை யார் வீட்டில் போடுகிறார்கள்? காதில் விழுந்தே இராத வாக்கியத்தைக் கண்ணால் பார்க்கிற பிள்ளை எழுத்து எழுத்தாகத்தான் உடைக்கும். அதுவும் நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. எழுத்துக்கூட்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் யார், எங்கே என்பதெல்லாம் மறந்துபோகும். எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளை அப்படித் தொலைவதில்லை. வாசித்துக் காட்டுவது பாடம்தான் என்று இதனால்தான் சொல்கிறேன்.

"நாலாம் வகுப்புக்கு வந்தவனுக்குத் தானாக வாசிக்கத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் தானாக வாசிக்க முடிகிற கதை சின்னது, கேட்டுப் புரிந்துகொள்கிற கதை பெரியது. காது முன்னால் போகும், கண் பின்னால் வந்து சேரும். உள்ளூர்க்காரி சொன்னால் எடுபடாது என்றால், 1985-இல் அமெரிக்காவில் வாசிப்புக்கென்று அமைத்த ஆணையமும் இதைத்தான் சொன்னது: வாசிப்பில் பிள்ளை தேறுவதற்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது வாசித்துக் காட்டுவது, அதை எல்லா வகுப்புகளிலும் தொடர வேண்டும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் அரசே வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துப் பள்ளிக்குக் கதைப் புத்தகம் அனுப்பியிருக்கிறதே, அலமாரியில் வைத்துப் பூட்டவா?

யூடியூபில் கதை கிடைக்கிறதாம். கிடைக்கட்டும். "தயங்கின்னா என்ன?" என்று கேட்டால் யூடியூப் நின்று பதில் சொல்லுமா?

ஆமாம், கதை நேரம் என்று சொல்லிவிட்டு போனை நோண்டுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற வீடு எங்களுடையது. மதியம் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் மடியில் சுளகோடு உட்காருவார்கள். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பெரியம்மா அஞ்சாவது வரை படித்தவள். அவள் மட்டும் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு வாரப்பத்திரிகைத் தொடர்கதையை எடுப்பாள். இலை வெட்டுகிற கத்தரிச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்கும். நான் முதலில் கேட்ட எழுத்துத் தமிழ் அதுதான். அவள் வாசிக்கிற நேரத்தில் அவள் பீடி ஓடாது, கூலியோ ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் கதை முடிந்ததும் ஒவ்வொருத்தியும் தன் சுளகிலிருந்து இருபது முப்பது பீடி அள்ளி அவள் சுளகில் போடுவாள். கியூபாவில் 1865-லிருந்து சுருட்டு ஆலைகளில் வாசித்துக் காட்டவே ஒரு ஆளை வைத்து, தொழிலாளிகளே அவருக்குக் கூலி கொடுத்தார்கள் என்று பிற்பாடு படித்தபோது, எங்கள் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

கையெழுத்து மட்டும் தெரிந்த அந்தப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவது ஒரு வேலை என்று தெரிந்திருந்தது. என்ஜினியரிங் முடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் படம் பிடிக்கிறவருக்கு அது சம்பளத் திருட்டு. நாற்காலியில் உட்கார்ந்திருந்ததும் குற்றமாம். எனக்கு முட்டிவலி, ஐயா. அதற்கும் டாக்டர் சீட்டு போட வேண்டுமா? ஊரார் பிள்ளைகளின் முகம் தெரிய வீடியோ போட்டது மட்டும் குற்றமில்லை போலிருக்கிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. 17 வருஷ சர்வீஸில் எவ்வளவோ கேட்டாயிற்று. அந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். தம்பி, நான் வாசித்த கதையில் நரி செத்துப்போனதற்கு மதியச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அழுதாயே, அது நீதானே?

சரி. திங்கட்கிழமை மதியம் 2 மணிக்கு அதே புத்தகம், 23-ஆம் பக்கத்திலிருந்து. அந்தப் பையன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான். படம் பிடிக்கிறவர் இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்து உட்காரலாம். ஜன்னலுக்கு வெளியே நின்றால் சரியாகக் கேட்காது.