சாமுராய் பொம்மை அப்புறம், முதலில் மேசை

ஜப்பானியச் சண்டை மினியேச்சர் ஆட்டம் என்றால் மேசையில் குட்டி சாமுராய் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர். அதற்குப் புதிதாக வருகிறவர்கள் பொம்மைக் கவசத்தின் தகடுகளைக் கோத்திருக்கும் பட்டுக்கயிற்றை இழை இழையாக மூன்று வாரம் பெயின்ட் அடிப்பார்கள். பிறகு பச்சைத் துணியை விரித்து, நாலு பிளாஸ்டிக் மரத்தை வைத்து ஆடுவார்கள். இரண்டாவது சுற்றிலேயே ஒரு வில்லாளி எதிர்த்தரப்புத் தலைவனைச் சாய்த்துவிடுவான். வாளை உறையிலிருந்து யாரும் எடுத்திருக்கவே மாட்டார்கள். உடனே "ரூல்ஸ் மொக்கை" என்று புலம்பல். ரூல்ஸ் மேல் தப்பில்லை, மேசைதான் காலி.

28 மி.மீ. உயரப் பொம்மைகள், ஒரு பக்கத்துக்கு ஐந்திலிருந்து எட்டுப் பேர் என்றால் 60 × 60 செ.மீ. மேசையே போதும். மேசை விளிம்பில் ஓரிடத்தில் நூலைப் பிடித்து எதிர் விளிம்பு வரை இழுத்துப் பாருங்கள். எதிலும் தட்டாமல் 30 செ.மீ.க்கு மேல் ஓடினால் அந்த வழியில் ஒரு சுவரோ புதரோ வேண்டும். நாலைந்து இடத்திலிருந்து இப்படிப் பார்த்தால் வில்லாளிகளின் ஆதிக்கம் பாதியாகக் குறையும்.

மூங்கில் காட்டுக்குக் கடையில் காசு கொட்ட வேண்டாம், தென்னை விளக்குமாறு போதும். இந்தப் பொம்மைகளின் அளவு ஏறக்குறைய 56-ல் 1. பத்து செ.மீ. தடிமனான மூங்கில் இந்தக் கணக்கில் 1.8 மி.மீ. வரும், ஈர்க்குச்சியின் அடிப்பக்கமும் கிட்டத்தட்ட அதே தடிமன்தான். உயரத்தில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். நிஜ உயரத்துக்கு வைத்தால் 25 செ.மீ. வரும், கை நுழையாது. 14 செ.மீ.யில் வெட்டி, பச்சை அடித்து, 5 மி.மீ.க்கு ஒரு வெளிர் வளையம் போட்டால் கணு ஆகிவிடும். பழைய சிடியில் 12 குச்சி நட்டால் போதும். ஆசைப்பட்டு முப்பது நட்டால் பொம்மை நிற்கும் 25 மி.மீ. அடித்தட்டு, அதாவது பேஸ், உள்ளே போகாது. பொம்மையை வெளியே வைத்து "இவன் காட்டுக்குள்ளதான் இருக்கான்" என்று சண்டை கிளம்பும். சிடியின் விளிம்புதான் காட்டின் எல்லை என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

நெல்வயல் இதைவிட முக்கியம். சேற்றில் பாதி வேகம், வரப்பில் முழு வேகம் என்று வைத்தாலே ஆட்டம் மாறிவிடும். வரப்பு 30 மி.மீ. அகலம் இருக்கட்டும், ஒரு ஆள் மட்டும் போகலாம். எட்டுப் பேர் வந்தாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர வேண்டும். முனையில் நிற்கும் ஒரே ஈட்டிக்காரன் மொத்தக் கூட்டத்தையும் நிறுத்திவைப்பான். தண்ணீருக்கு ஃபெவிகாலை மொத்தமாக ஊற்றாதீர்கள், உள்ளே காயாமல் பால் மாதிரியே நிற்கும். மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சு.

வீட்டுக்குள் சண்டை வேண்டுமா? தத்தாமி எனும் ஜப்பானியத் தரைப்பாய் ஆறு விரித்த அறை 3.6 × 2.7 மீட்டர். மேசையில் அது 64 × 48 மி.மீ., நாலு பேஸ்கூட இடித்துக்கொண்டுதான் நிற்கும். அறையை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்யுங்கள், யாரும் டேப் வைத்து அளக்கப் போவதில்லை. கூரை மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கணும்.

ரூல்ஸில் என் ஓட்டு 2013-ல் வந்த ரோனின் என்ற விதிப்புத்தகத்துக்கு. தாக்குவதற்கு எத்தனை, தடுப்பதற்கு எத்தனை என்று டோக்கன் வில்லைகளை ரகசியமாகப் பிரித்து, இருவரும் ஒரே நேரத்தில் திறந்து காட்டுவது அதன் உயிர். நாலு வில்லையையும் தாக்குதலில் போட்டவன் எதிராளியின் முதல் வெட்டிலேயே விழலாம். வாள்சண்டையின் படபடப்பு அந்த மூடிய கைக்குள் இருக்கிறது. டெஸ்ட் ஆஃப் ஹானர் என்ற இன்னொரு ரூல்ஸில் வேறு குணம்: பைக்குள்ளிருந்து வில்லை எடுக்க எடுக்க ஆட்கள் நகர்வார்கள், 'விதி' (ஃபேட்) என்று குறித்த வில்லைகளில் மூன்றாவது வந்தால் சுற்று முடிந்தது. முக்கியமான ஆளைக் கடைசிக்கு வைத்திருந்தால் அவன் நின்ற இடத்திலேயே நிற்பான். இதைக் குறை என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. போர்க்களத்தில் யார் வரிசையாக முறை கேட்டு நகர்ந்தார்கள்?

ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு துப்பாக்கி போதும். 1543-ல் தனேகஷிமாத் தீவுக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்த திரித் துப்பாக்கியின் வழிவந்தது இது. சுட்டால் திரும்ப நிரப்ப நேரமாகும். 1575-ல் ஜப்பானில் நடந்த நாகாஷினோ போர் மாதிரி துப்பாக்கிக்காரர்களை வரிசையாக நிற்கவைத்துச் சுடும் போரை எட்டு ஆளை வைத்து ஆட முடியாது. துப்பாக்கி ரொம்பத் துள்ளினால் மழை என்று அறிவியுங்கள். திரி அணைந்துவிடும்.

வெறுமனே கொன்று குவிக்கிற ஆட்டம் மூன்றாவது தடவையே சலிக்கும். எதிரியின் தலையைக் கொய்துபோய்த் தலைவனிடம் காட்டிப் பரிசு வாங்குவது அந்தக் காலத்து வழக்கம், அதையே வெற்றிக் கணக்காக வையுங்கள். விழுந்தவன் பக்கத்தில் நின்று ஒரு முறையைச் செலவழித்தால் தலை கிடைக்கும், அந்த முறை முடியும்வரை தலையெடுப்பவனால் தன் மேல் விழும் அடியைத் தடுக்க முடியாது. தலையோடு மேசை விளிம்பைத் தாண்டினால்தான் புள்ளி. தலைக்கு எம்-சீலை மிளகு அளவு உருட்டி வெள்ளை அடியுங்கள், துணியில் சுற்றிய மாதிரி இருக்கும். உச்சியில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு.