பெரிய தாத்தாவுக்கு ஒரு திதி

போன மாதம் குடும்பத்தோடு நாகாலாந்தில் இருக்கிற கோஹிமா போய் வந்தோம். திமாப்பூர் வரை விமானம், அப்புறம் 70 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. அப்பாவுக்கு 76 வயது, முட்டிவலி வேறு. ஆனாலும் வந்தே தீருவேன் என்றார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையை எதிர்த்து ஆங்கிலேயரின் படை சண்டை போட்ட இடம் அது. அப்பாவுடைய பெரியப்பாவின் பெயர் அங்கே போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

பெரிய தாத்தா ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் இருந்து பட்டாளத்துக்குப் போவார்கள். 1944-இல் தந்தி வந்தது, உடல் வரவில்லை. தந்தி வந்த நாள் பெரிய பாட்டிக்குக் கடைசிவரை நினைவிருந்தது. இறந்த நாள்தான் வீட்டில் யாருக்கும் தெரியாது. திதி தெரியாததால் வருடாவருடம் மகாளய அமாவாசையில்தான் அவருக்கும் சேர்த்துப் படையல்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் என் மகள்தான் அவரைக் கண்டுபிடித்தாள். பெயரை ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்த பிறகு கிடைத்தது. இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆற்காடு என்று இருந்தது. இறந்த தேதியும் இருந்தது: மே மாதக் கடைசி வாரம். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகிறது. 1,420 கல்லறைகள், ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு. கையெறி குண்டு வீசிச் சண்டை போட்ட டென்னிஸ் மைதானத்தின் கோடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். 'உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைத் தந்தோம்' என்று கீழே இருக்கிற புகழ்பெற்ற கல்வெட்டைப் படம் எடுத்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து உச்சி வரை ஏறுங்கள். எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.

அப்பா மூச்சு வாங்க ஏறி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார். பெயர் வந்ததும் விரல் நின்றது. அந்த எழுத்துகளின் மேல் விபூதி பூசினார். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியப்பா, வந்துட்டோம்" என்றார். முகம் பார்த்திராத மனிதரிடம்.

"வெள்ளைக்காரனுக்காகச் செத்தவருக்கு இவ்வளவு செலவா?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். எனக்கு நிஜமாகவே வலித்தது. அந்தப் போரில் சேர்ந்த இந்தியர்கள் சுமார் 25 லட்சம் பேர். வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் அதில் எத்தனையோ பேர், என் பெரிய தாத்தாவும் அப்படித்தான். எதிர்ப்பக்கம், ஜப்பானியரோடு சேர்ந்து நின்ற நேதாஜியின் படையில் மலேயாத் தமிழர்கள் இருந்தார்கள். அவர்களையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதற்காக இவரை ஏன் மறக்க வேண்டும்? போருக்குப் போனவனுக்கு நடுகல் நட்டுப் படையலிட்டவர்கள்தானே நாம்?

உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இருந்தால் இன்றைக்கே தேடுங்கள். காசு எதுவும் கட்ட வேண்டாம். பெயர் கிடைக்கவில்லை என்றால் எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஊர்ப் பெயரை வைத்தும் பாருங்கள்.

ஊர் திரும்பிய மறுநாளே அப்பா அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு ஐயரிடம் போனார். வைகாசி வளர்பிறை என்று பார்த்துச் சொன்னார் ஐயர். வருகிற வைகாசியில் பெரிய தாத்தாவுக்கு முதல் திதி.