ஆறில் ஐந்து

தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவருக்கே ஆசனம் என்ற பழைய தொகுதிவாரித் தேர்தலுக்கே திரும்பிப் போகலாம் என்ற பேச்சு இலங்கையில் விட்டுவிட்டு எழுந்துகொண்டே இருக்கிறது. கட்சிப் பட்டியலில் தனி வேட்பாளருக்குப் போடும் விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் முட்டிக்கொள்வதையும், மாவட்டம் முழுக்கச் சுவரொட்டிக்குப் பணத்தைக் கொட்டுவதையும் பார்த்துச் சலித்தவர்கள் சொல்வது அது. அந்தச் சலிப்பு எனக்கும் உண்டு. ஆனால் 1970ஐயும் 1977ஐயும் மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது.

1970இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிட்டத்தட்ட 38 சதவீத வாக்கு, சுதந்திரக் கட்சிக்கு 37. ஆசனங்களோ 17க்கு 91! சுதந்திரக் கட்சி கூட்டணி வைத்துக் குறைந்த தொகுதிகளில்தான் நின்றது, சரி. அந்த முழுக் கூட்டணியையும் சேர்த்தாலும் வாக்கு பாதியைத் தொடவில்லை. தெரிவான 151 பேரில் 116 பேர் அவர்கள் பக்கம். அந்தப் பலத்தில் 1972 அரசியல் யாப்பு வந்தது. சுதந்திர காலத்து சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு போனது. 1975இல் முடிய வேண்டிய பாராளுமன்றம் 1977 வரை நீண்டது.

1977இல் அலை மறுபக்கம் அடித்தது. ஐ.தே.க.வுக்கு 51 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்கு, 168இல் 140 ஆசனம். ஆறில் ஐந்து. சுமார் 30 சதவீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனத்தோடு பிரதான எதிர்க்கட்சியானது.

யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு வேண்டும் என்பது ஒரு பூட்டு. வாக்காளர்களில் பாதிப் பேரின் ஆதரவே அந்தச் சாவியைக் கொடுத்துவிடும் என்றால் அது என்ன பூட்டு? ஐ.தே.க. தலைவர் ஜே.ஆர். ஜயவர்தன அந்தச் சாவியை நன்றாகவே பயன்படுத்தினார். 1978இல் ஜனாதிபதி கையில் ஆட்சியைக் கொடுத்த நிறைவேற்று அதிகார யாப்பு. 1982இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, அதே பாராளுமன்றத்துக்கு இன்னும் ஆறு ஆண்டு. தமிழர்களைக் குறிவைத்த கறுப்பு ஜூலை வன்முறையின் சாம்பல் ஆறுமுன் 1983 ஆகஸ்டில் ஆறாம் திருத்தம். தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அவர்களை அனுப்பிய மக்களுக்குப் பாராளுமன்றத்தில் குரலே இல்லாமல் போன அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

வாக்கு விகிதப்படி ஆசனம் பகிரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்ததும் அதே 1978 யாப்புதான். 1989 முதல் அப்படித்தான் பொதுத் தேர்தல் நடக்கிறது. 2024க்கு முன் எந்தக் கட்சிக்கும் தேர்தலில் மூன்றில் இரண்டு கிடைக்கவில்லை. ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய 18ஆம், 20ஆம் திருத்தங்கள் நிறைவேற எதிரணியிலிருந்து ஆட்கள் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. அது வெட்கக்கேடு, அதற்குத் தேர்தல் முறையில் மருந்து இல்லை. 2024இல் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 எடுத்தது உண்மை. ஆனால் அதற்கு 61 சதவீதத்துக்கு மேல் வாக்கு தேவைப்பட்டது. 51ஐ வைத்து ஆறில் ஐந்து எடுத்த காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விருப்பு வாக்குச் சண்டையை ஒழிக்க வழி தேடலாம். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் வட்டாரத்தையும் விகிதாசாரத்தையும் கலந்து பார்த்தார்கள். உறுப்பினர் தொகை வீங்கிப்போனது, அதைச் சரிசெய்யலாம். கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்றபடிதான் மொத்த ஆசனம் என்ற விதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.