போகிறேன் என்றால்தான் மரியாதையா?

இருக்கிறவருக்கு ஒரு விலை, புதிதாக வருகிறவருக்கு அதைவிடக் குறைந்த விலை. இது தப்பு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கிற போஸ்ட்பெய்ட் பிளானை, பல வருஷமாகப் பில் கட்டுகிற எனக்குத் தர மாட்டேன் என்று என் செல்போன் கம்பெனி சொன்னதை முகநூலில் படத்தோடு போட்டதிலிருந்து ஆளுக்கொரு யோசனை சொல்கிறீர்கள். போனில் சொல்கிறீர்கள், கோவில் வாசலில் நிறுத்தி வைத்தும் சொல்கிறீர்கள். ஆனால் நான் சொன்னது யார் காதிலும் விழுந்த மாதிரித் தெரியவில்லை. அதனால் இன்னொரு தடவை, கொஞ்சம் விவரமாக.

நான் ஓசி கேட்கவில்லை. தள்ளுபடியும் கேட்கவில்லை. காரைக்குடி ஷோரூம் வாசலில் ஆள் உயரத்துக்குப் பேனர் கட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் குடும்ப பிளானை அதே விலைக்கு எனக்கும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். என் பழைய பிளானில் இரண்டு நம்பர்தான். பலகாரம் செய்து விற்கிறவள் நான். தீபாவளி ஆர்டர் தொடங்கிவிட்டால் எனக்கு மூன்று நம்பர் வேண்டும், டேட்டாவும் கூட வேண்டும். இப்போதெல்லாம் சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் மனகோலம் எண்ணெயிலிருந்து எடுக்கும்போதே வீடியோவில் காட்டச் சொல்கிறார்கள். சீர்ப் பலகாரம் என்றால் சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்துக் காட்ட வேண்டும். மாதம் பாதி தாண்டுவதற்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது.

கவுன்ட்டரில் இருந்த பையன் தங்கமான பையன். அவனை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது புதுக் கனெக்‌ஷனுக்கு மட்டும்தான். இருக்குற கஸ்டமருக்கு சிஸ்டத்துலயே காட்டாது" என்றான். அதே மூன்று நம்பர், அதே டேட்டா எனக்கு வேண்டுமென்றால் மாதம் 250 ரூபாய் கூடுதல். பேனரில் புது வாடிக்கையாளருக்கு மட்டும் என்று எங்கேயும் இல்லை. மேசைமேல் இருந்த நோட்டீசைத் திருப்பினால், பின்பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படித்தேன். அதைத்தான் படம் எடுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் அவன் சொன்னதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடவில்லை. "வேணும்னா வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணிப் போயிட்டுத் திரும்ப வாங்க ஆச்சி. அப்ப நானே போட்டுத் தர்றேன்." போர்ட் என்றால் நம்பர் மாறாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்வது. எனக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? இங்கேயே இருந்தால் கிடையாது, விட்டுப் போய்விட்டு வந்தால் உண்டு.

இந்த நம்பர் 2002இல் என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது. அப்போது நமக்கு வருகிற போனுக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும். 2003இல்தான் அது நின்றது. அந்தக் காலத்திலிருந்து கட்டி வருகிறேன். கொரோனா சமயத்தில் ஒரு கல்யாண ஆர்டர்கூட இல்லை, அப்போதும் பில் கட்டினேன். ஐந்தொகை என்று வரவுசெலவுக் கணக்கு எழுதிப் பழகிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். பில் எல்லாம் தேதிவாரியாகக் கோப்பில் இருக்கிறது. இத்தனையும் கட்டியவளுக்கு அந்தப் பிளான் சிஸ்டத்தில் காட்டாது. நாளைக்கு வருகிற ஒருவர் ஆதாரை நீட்டினால் காட்டும்.

"போர்ட் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே, ஏன் புலம்பணும்?" என்று கேட்கிறீர்கள். ஒருவர் இல்லை, முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

போர்ட் வசதி எனக்குத் தெரியாததில்லை. 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. அதற்குமுன் கம்பெனியை மாற்றினால் நம்பரும் போய்விடும். ஏர்செல் நின்றுபோன 2018 பிப்ரவரியில் தமிழ்நாடே அந்த வசதியைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறியது. நல்ல வசதி. ஆனால் எங்கள் வீட்டு அமைப்பு உங்களுக்கெல்லாம் தெரியும். முகப்பில் எல்லாக் கம்பெனி சிக்னலும் கிடைக்கும். வளவு என்கிற நடுமுற்றம் தாண்டி, பின்னால் இரண்டாம் கட்டுக்குப் போனால், அந்தச் சுவர் கனத்துக்கு, இந்த ஒரு கம்பெனி மட்டும்தான் எட்டுகிறது. எனக்கு அடுப்பு அங்கேதான். மாவு பிசைகிற கையோடு முகப்புக்கு ஓட முடியுமா? விருந்தாளிகள் வரும்போதெல்லாம் ஒவ்வொருவர் போனையும் அங்கே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்புறம், போய்விட்டு வருவது என்ன அத்தனை லேசா? ஒரு கம்பெனிக்குப் போனால் 90 நாள் அங்கே இருந்தே ஆக வேண்டும், அது விதி. தீபாவளியும் கார்த்திகையும் அதிலேயே போய்விடும். பலகாரப் பெட்டி லேபிளில் இருப்பது இந்த நம்பர். வங்கிக்கும் ஆதாருக்கும் கேஸுக்கும் இந்த நம்பர்தான். மாறுகிற நேரத்தில் கொஞ்ச நேரம் எதுவும் வராது என்கிறார்கள். அந்த நேரத்தில்தான் ஓடிபி வரும்.

இதெல்லாம்கூட இரண்டாம்பட்சம். சிக்னல் நன்றாகக் கிடைத்து, மாறுவதும் சுலபமாக இருந்தால்கூட என் கேள்வி அப்படியேதான் இருக்கும். நான் ஏன் போக வேண்டும்? எனக்குப் போக இஷ்டமில்லை. இருக்கிறேன் என்கிறேன். இருக்கிறவளுக்கு ஏன் கூடுதல் விலை?

அடுத்து நடந்ததை இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. அக்கா மகன் வந்திருந்தான். "சின்னாத்தா, கொடுங்க" என்று போனை வாங்கி, போர்ட் என்று அடித்து நம்பரைப் போட்டு 1900க்கு அனுப்பினான். போர்ட் பண்ணுவதற்கான எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வந்தது, நாலு நாள் செல்லும். அன்று சாயங்காலமே கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தேன் ஒழுகுகிற பேச்சு. "மேடம், நீங்க எங்களோட மதிப்புமிக்க கஸ்டமர், உங்களுக்காக ஸ்பெஷலா ஒரு பிளான் இருக்கு" என்றாள். என்ன பிளான் தெரியுமா? அதே பேனர் பிளான். அதே விலை. ஆறு மாதத்துக்கு மட்டும்.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. காலையில் நேரில் போய்க் கையெடுத்துக் கேட்காத குறையாகக் கேட்டபோது சிஸ்டத்தில் இல்லாதது, போகிறேன் என்று ஒரு மெசேஜ் போனதும் எங்கிருந்து வந்தது? இருந்திருக்கிறது. எனக்குத் தரக்கூடாது என்று வைத்திருந்திருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்று கேட்டேன், பதில் இல்லை. எழுத்தில் அனுப்பச் சொன்னேன். "அப்படி அனுப்ப மாட்டோம் மேடம்" என்றாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மிரட்டி வாங்குகிற சலுகை எனக்கு வேண்டாம். கேட்டு வாங்குகிற உரிமைதான் வேண்டும்.

"புது ஆளுக்குச் சலுகை எல்லாத் தொழிலிலும் உண்டு, நீங்க பலகாரம் விக்கிறவங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தெரியும் தம்பி, நன்றாகத் தெரியும். புதிதாக வருகிறவருக்கு ருசி பார்க்கச் சீப்புச் சீடை ஒரு பொட்டலம் சும்மா கொடுப்பேன். முதல் மாதம் இலவசம் என்று கம்பெனி கொடுத்தால் நானும் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் பதினைந்து வருஷமாக என்னிடம் அதிரசம் வாங்குகிற பள்ளத்தூர் ஆச்சிக்குக் கிலோவுக்கு ஒரு விலையும், நேற்று வந்தவருக்கு அதைவிடக் குறைந்த விலையும் வைத்தால், அவர்கள் இருவரும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது என் பேர் என்ன ஆகும்? எண்ணெய் விலை ஏறினால் எல்லோருக்கும் ஏற்றுவேன். பழைய ஆள்தானே, எங்கே போய்விடப் போகிறார் என்று அவருக்கு மட்டும் ஏற்ற மாட்டேன். கொண்டுவிற்கக் கடல் தாண்டிப் போனவர்கள் ஊர் இது. வாடிக்கையை எப்படி வைத்துக்கொள்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"விலை வைப்பது கம்பெனி இஷ்டம், சட்டத்துல இடம் இருக்கு" என்கிறவர்களுக்கும் ஒன்று. விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் ஒரே வகை வாடிக்கையாளர்களுக்குள் பாகுபாடு கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 1999 கட்டண ஆணையிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆளைப் பார்த்து ரகசியமாகக் கொடுக்கிற சலுகைகளின் விவரத்தையெல்லாம் எங்களுக்குத் தெரிவியுங்கள் என்று 2018இல் மறுபடி உத்தரவு போட்டது. கம்பெனிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. கடைசியில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விவரத்தை டிராய்க்குக் கொடுங்கள் என்று சொன்னது. ஆக, போகிறேன் என்கிறவருக்கு மட்டும் காதோடு சொல்கிற விலை என்று ஒன்று இருப்பது என் கற்பனை இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். டிராய்க்குத் தெரிவித்தால் போதுமா, பணம் கட்டுகிற எனக்குத் தெரிய வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

250 ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. தேவகோட்டையில் என் ஆத்தா தனியாக இருக்கிறார்கள். அத்தனை பெரிய வீட்டில் ஆத்தாவும் கூடமாட இருக்கிற ஒரு அம்மாவும்தான். தம்பி சிங்கப்பூரில். நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீடு இப்படி இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தாவிடம் இருப்பது பட்டன் போன், பிரீபெய்ட். 28 நாளுக்கு ஒரு ரீசார்ஜ். மாதத்துக்கு ஒன்று என்று நினைப்போம், வருஷத்துக்குப் பதின்மூன்று வருகிறது. ஒரு தடவை தேதி தவறி, கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நின்றுவிட்டது. தம்பி அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஆத்தா இங்கே, பிள்ளைக்கு வேலை அதிகம் போலிருக்கிறது, அதுதான் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட இருந்த அம்மா எனக்குச் சொல்லித்தான் தெரிந்தது.

போய்ப் பார்த்தால், அந்தப் பட்டன் போனுக்குத் தினமும் ஒன்றரை ஜிபி டேட்டா உள்ள பேக்கைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நெட்டே இல்லாத போன் அது! பேசுவதற்கும் மெசேஜுக்கும் மட்டும் தனி பேக் வைத்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொல்லியிருக்கிறது. 30 நாள் பிளான் ஒன்று, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. இதையெல்லாம் ஆத்தாவுக்கு யார் சொன்னார்கள்? பாட்டுப் போட்டு விளம்பரம் சொல்ல தினமும் போன் வருகிறது. இருக்கிற வாடிக்கையாளரிடம், உங்களுக்கு இதைவிடக் குறைவாக ஒன்று இருக்கிறது என்று சொல்ல ஒரு போன்கூட வரவில்லை.

இது வேறு விஷயம், அது வேறு விஷயம் என்று சொல்லாதீர்கள். இரண்டும் ஒன்றுதான். 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒரே வாரத்தில் விலையை ஏற்றியபோது நிறையப் பேர் கோபித்துக்கொண்டு பிஎஸ்என்எல்லுக்கு மாறினார்கள். மாறத் தெரிந்தவர்கள் மாறினார்கள். மாறத் தெரியாதவர்கள், 1900 என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க ஒரு நம்பரை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள், சொன்ன விலையைக் கொடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். கத்துகிறவனுக்குக் குறைத்துக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் கத்தத் தெரியாதவர்களிடமிருந்துதான் வருகிறது. எனக்காவது முகநூல் இருக்கிறது.

புகார் பதிவு செய்து டாக்கெட் நம்பர் வாங்கியாயிற்று. "பிளான் தகுதி கம்பெனி விதிப்படி" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். கம்பெனியின் மேல்முறையீட்டுக்கும் எழுதிவிட்டேன், பேனர் படமும் நோட்டீஸ் படமும் சேர்த்து. 39 நாளில் பதில் வர வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் சிவகங்கை நுகர்வோர் ஆணையம்தான். செல்போன் கம்பெனிமேல் அங்கே வழக்குப் போடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தீபாவளி வேலைக்கு நடுவில் அலைய வேண்டும். அலைகிறேன்.

உங்களால் முடிந்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டு பில்லை எடுத்து, எந்த வருஷத்துக் கனெக்‌ஷன், எந்த பிளான், மாதம் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள். நம்பரை மறைத்துவிட்டுப் படம் போட்டால் இன்னும் நல்லது, மனுவோடு சேர்த்துக்கொள்வேன். வீட்டில் பெரியவர்கள் பிரீபெய்ட் வைத்திருந்தால் என்ன பேக் ஓடுகிறது என்று இன்றைக்கே பாருங்கள். போர்ட் பண்ணச் சொல்லி மட்டும் யாரும் எழுத வேண்டாம்.